டிபன் கேரியரும் காப்புரிமையும்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் பொறியாளராக இருந்துவிட்டு, கோலாலம்பூரில் காப்புரிமை (பேட்டன்ட்) முகவர் அலுவலகம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது, வீட்டில் எல்லாரும் நான் வழக்கறிஞராகப் போவதாகவே எண்ணிக்கொண்டார்கள். "அப்படியென்றால் கோர்ட்டுக்குப் போகணுமாம்மா?" என்று கேட்டார் அப்பா. போக வேண்டியதில்லை. கண்டுபிடித்தவர் சொல்வதைக் கேட்டு, அதை விண்ணப்பமாக எழுதி, மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகமான மைஐபிஓவின் ஆய்வாளர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் அளிப்பதே காப்புரிமை முகவரின் அன்றாட வேலை. 1986 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ், தேர்வில் தேறிப் பதிவு பெறும்வரை நாங்கள் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் எழுதுகிறோம்.

சேர்ந்த புதிதில் எங்கள் மூத்த முகவர், டிபன் கேரியர் இன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்கு உரிமைக்கோரிக்கை, அதாவது எதன்மீது உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியம், எழுதச் சொன்னார். பொறியியல் படித்தவர் கை தானாக எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும்: நான்கு அடுக்கு, துருப்பிடிக்காத எஃகு, வட்ட வடிவம், இருபுறமும் கொக்கி. அறிக்கை என்றால் எதையும் விடக்கூடாது என்றுதானே தொழிற்சாலையில் பழக்கியிருக்கிறார்கள்! ஆனால் கோரிக்கையில் சேர்க்கும் ஒவ்வொரு அம்சமும் போட்டியாளருக்குத் திறந்துவிடும் ஒரு வாசல். நான்கு என்று எழுதினால் மூன்றடுக்குச் செய்பவர் தப்பிவிடுவார். எஃகு என்றால் பிளாஸ்டிக்கில் செய்பவர் தப்பிவிடுவார். சரியென்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு "ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் பாத்திரங்கள்" என்று மட்டும் விட்டால், அடுக்களையில் கவிழ்த்து வைத்திருக்கும் கிண்ணங்களே அதை வீழ்த்திவிடும், ஏனெனில் அவை முன்பே இருந்தவை. ஒரு பாத்திரத்தின் அடி அடுத்ததன் வாயை மூடுவதும், அத்தனையையும் ஒரே சட்டகம் இறுக்கிப் பிடித்துத் தூக்கக் கொடுப்பதுமே அதன் உயிர் என்று கண்டுபிடிக்க அன்று மாலை வரை ஆயிற்று.

விட்ட விவரங்கள் வீணாவதில்லை. அவற்றுக்கு இடம், கண்டுபிடிப்பை விளக்கி எழுதும் விவரக்குறிப்பும், முதல் கோரிக்கையோடு கூடுதல் அம்சம் சேர்க்கும் சார்புக் கோரிக்கைகளும். ஆய்வாளர் பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி முதல் கோரிக்கையை மறுத்தால், கொக்கியையோ விளிம்பையோ சேர்த்துக் கோரிக்கையைக் குறுக்கிக்கொண்டு பின்வாங்க அவைதான் துணை. முதல் நாளில் எழுதாததைப் பின்னர் திருத்தமாக நுழைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. இதைச் சட்டநூலைப் படித்து மனப்பாடம் செய்யலாம், ஆனால் எழுதித் திருத்தப்படாமல் கைக்கு வராது என்பது என் கருத்து.

காலக்கெடுக்கள் வேறு கதை. மலேசியாவில் தாக்கல் செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்து முன்னுரிமை (இங்கே தாக்கல் செய்த தேதியையே அங்கும் கணக்கில் கொள்ளும் உரிமை) கோர வேண்டும், 18 மாதத்துக்குள் இங்கே ஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவற்றை நாட்காட்டி நினைவூட்டிவிடும். வாடிக்கையாளரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பொருளை யாருக்காவது காட்டிவிட்டாரா? கண்டுபிடித்தவரே கண்காட்சியில் வைத்துவிட்டாலும் தாக்கலுக்கு ஓராண்டு சலுகை நம் சட்டத்தில் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை இல்லாததால், பொருட்காட்சியில் பெருமையாக வைத்த இயந்திரம் அங்கே புதுமையை இழந்துவிடக்கூடும். இன்னொன்று, மலேசியாவில் வசிப்பவர் முதலில் இங்கே தாக்கல் செய்து இரண்டு மாதம் கழியாமல், பதிவாளரின் எழுத்துமூல அனுமதியுமின்றி, வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது. பன்னாட்டு நிறுவனங்களில் வேலை செய்யும் நம் பொறியாளர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

இத்துறைக்கு வர நினைக்கும் பொறியாளர்களும் அறிவியல் பட்டதாரிகளும் சட்டப் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் இணையதளத்தில் காப்புரிமை ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தாங்கள் நன்கறிந்த ஒரு கருவியின் ஆவணத்தை எடுத்து, விவரக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு முதல் கோரிக்கையைத் தாமே எழுதி, பிறகு அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் சலிப்புத் தட்டினால் இந்த வேலை வேண்டாம்; எழுதியவரோடு மனத்துக்குள் சண்டை போடத் தோன்றினால் விண்ணப்பம் அனுப்பலாம்.