யார் கையெழுத்து எதுவரை செல்லும்: ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் தொடங்கி பிரைவேட் லைசென்ஸ் வரை

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது சொன்னால், மணிக்கு எவ்வளவு, என்ன விமானம் என்பதையெல்லாம் அப்புறம்தான் விசாரிப்பேன். முதலில் கேட்பது, இன்ஸ்ட்ரக்டர் வைத்திருக்கும் சான்றிதழ் எந்த வகை என்று. அதில் வகை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில், 61ஆம் பகுதியில் இன்ஸ்ட்ரக்டர்களுக்கு இரண்டு தனிப் பிரிவுகள் உண்டு. சப்பார்ட் ஹெச் என்ற உட்பிரிவின் கீழ் வருபவர்கள் வழக்கமான இன்ஸ்ட்ரக்டர்கள். சப்பார்ட் கேயின் கீழ் வருபவர்கள் சிறிய, எளிய விமானங்களுக்கான ஸ்போர்ட் பைலட் தகுதி மட்டும் கொண்டவர்கள். 2004இல் ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் அறிமுகமானபோது பிறந்த பிரிவு இது. இரண்டு பேருமே உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள், இரண்டு பேருமே லாக்புக் என்ற பறப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் வருமானச் சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்து வேண்டிய இடத்தில் எவ்வளவு பெரிய டாக்டர் போட்டாலும் செல்லாது அல்லவா, அது மாதிரிதான் இதுவும்.

நான் இருப்பது ஒஹையோவில், டேட்டனுக்கும் சின்சினாட்டிக்கும் நடுவில். பக்கத்துச் சிறு விமானத்தளத்தில் எனக்குக் கிடைத்தவர் சப்பார்ட் கே ஆள். வயதானவர். அல்ட்ராலைட் என்ற மிக இலேசான இரண்டு இருக்கை விமானங்களில் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். அந்த விமானங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த இருந்த விதிவிலக்கு 2008 ஜனவரி 31ஆம் தேதி முடிந்தது. அவரைப் போன்ற பலர் அப்போது ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டராக மாறியவர்கள். அனுபவத்தில் அந்தத் தளத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

எனக்குக் கடைசியில் வேண்டியது ஸ்போர்ட்டுக்கு மேற்பட்ட பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரும் மறைக்கவில்லை. "பிரைவேட் செக்ரைடுக்கு (லைசென்ஸுக்கான பறப்புத் தேர்வு) உங்களை அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. ஸ்போர்ட் வரைக்கும் என் கையெழுத்து செல்லும். அதற்குப் பிறகு வேறு ஆள் பார்க்க வேண்டும். ஆனால் என்னோடு பறக்கும் மணிநேரம் வீணாகாது, ஒரு நிபந்தனையோடு" என்றார்.

அந்த நிபந்தனைதான் இந்த விஷயத்தின் முடிச்சு. முன்பெல்லாம் ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் கற்ற நேரத்தைப் பிரைவேட் லைசென்ஸுக்கான பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. 2018இல் விதி மாறியது. இப்போது 61.109 விதியின்படி சேர்க்கலாம், ஆனால் அந்தச் சலுகை ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் கையில் இருப்பவருக்கு மட்டும். அதாவது ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் பாதிவரை கற்றுவிட்டு, அந்தத் தேர்வை எழுதாமலே பிரைவேட் பக்கம் தாவினால், அந்த மணிநேரம் பயிற்சியாக எண்ணப்படாது. இடையில் ஒரு செக்ரைட் கட்டாயம். அதே வகை விமானமாக இருக்க வேண்டும், இரண்டு லைசென்ஸுக்கும் பொதுவான பாடங்களாக இருக்க வேண்டும் என்பவையும் உண்டு. அதனால் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் "டூயல்" (இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது) என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், என்னென்ன பயிற்சி செய்தோம் என்று விரிவாக எழுதச் சொன்னேன். அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான், ஆனால் ஒன்றும் விடுபடவில்லை.

ஸ்போர்ட் லைசென்ஸுக்குச் சட்டப்படி குறைந்தது 20 மணிநேரம், அதில் 15 இன்ஸ்ட்ரக்டரோடு, 5 தனியாக. பிரைவேட்டுக்கு 40. இந்த எண்ணைப் பார்த்துப் பாதிச் செலவு என்று மயங்க வேண்டாம். குறைந்தபட்சத்தில் முடிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கிரீன் கார்டு வைத்திருந்தாலும் குடியுரிமை இல்லாதவர்கள் பயிற்சிக்கு முன் டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் சரிபார்ப்பை முடித்தாக வேண்டும். இன்ஸ்ட்ரக்டரும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். தனியாகச் சொல்லிக்கொடுக்கும் பலர் இந்தத் தொல்லைக்கே போவதில்லை. என் இன்ஸ்ட்ரக்டர் போயிருந்தார்.

முதல் தனிப்பறப்பு வரை எல்லாம் அவர் கையெழுத்திலேயே ஓடியது. தனிப்பறப்புக்கு முந்தைய எழுத்துத் தேர்வை வைத்தவர், திருத்தியவர், 90 நாள் செல்லும் அனுமதியை எழுதியவர் எல்லாமே அவர்தான். அடுத்தது வான்வெளி. கோபுரம் உள்ள தளங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளிக்கு கிளாஸ் பி, சி, டி என்று வகை உண்டு. எங்கள் தளத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஆனால் வடக்கே டேட்டனின் கிளாஸ் சி, தெற்கே சின்சினாட்டியின் கிளாஸ் பி, அதன் ஓரத்திலேயே லங்கன் தளத்தின் கிளாஸ் டி. ஸ்போர்ட் லைசென்ஸை நோக்கிப் போகும் மாணவர் இவற்றில் தனியாக நுழைய வேண்டுமானால், அந்தந்த வான்வெளிக்கெனப் பயிற்சியும் 90 நாளுக்குள் போட்ட கையெழுத்தும் வேண்டும். அதைப் போடும் ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டருக்கும் அந்த வான்வெளியில் பறக்கும் தகுதி இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. லங்கன் போய்க் கோபுரத்தோடு பேசிப் பழகினேன்.

சிக்கல் வந்தது கிராஸ் கன்ட்ரி எனும் தொலைதூரப் பறப்பில். நாங்கள் ஓட்டிய விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 87 நாட்டிகல் மைலை (கடல் மைல்) தாண்டும். அப்படிப்பட்ட விமானத்தில் மாணவர் தொலைதூரம் தனியாகப் போவதற்கு முன், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்டால் திரும்பி வரத் தெரிய வேண்டும் என்பதற்காக. இதைச் சொல்லிக்கொடுக்க ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டருக்கு 61.412 விதியின்படி தனித் தகுதி தேவை: குறைந்தது 1 மணிநேரத் தரைப் பாடம், 3 மணிநேரப் பறப்பு, பிறகு சப்பார்ட் ஹெச் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரின் ஒப்புதல். என் ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டர் அதை வாங்கவில்லை. "இந்த வயதில் நான் ஹூட் (வெளியே தெரியாமல் மறைக்கும் தொப்பி) போட்டுக்கொண்டு உட்காரணுமா?" என்று சிரித்தார்.

அதனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் வேறு தளத்திலிருந்து சப்பார்ட் ஹெச் பெண் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரைப் பிடித்தேன். அவர் வயதைவிட என் ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரின் பறப்பு அனுபவம் நீளம். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்துதான் செல்லும். எனக்கு இது அநியாயமாகத் தோன்றவில்லை. கருவிப் பறப்பில் அந்தப் பெண் கைதேர்ந்தவர், என் ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டர் அந்தப் பக்கமே போகாதவர். விதி பார்ப்பது அனுபவத்தின் நீளத்தை அல்ல, எதில் அனுபவம் என்பதை. இதற்குப் பிறகு 75 நாட்டிகல் மைல் தனிப்பயணத்துக்கு என் ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரே அனுமதி எழுதினார், செக்ரைடுக்கும் அவரே அனுப்பினார். ஸ்போர்ட் லைசென்ஸ் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். பிரைவேட்டுக்குத் தேவையான 150 நாட்டிகல் மைல் தனிப்பயணத்தை, அதே சின்ன விமானத்தில், ஸ்போர்ட் பைலட்டாகவே பறந்தேன். மாணவராக இருந்திருந்தால் அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டும். லைசென்ஸ் இருப்பதால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, விமானத்தில் வேறு யாரும் இல்லாததால் தனிப்பறப்பாகவும் கணக்கில் வந்துவிட்டது. கோபுரம் உள்ள தளத்தில் 3 முறை தனியாக ஏறி இறங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் லங்கனில் இப்படியே முடித்தேன். அதற்கான வான்வெளி ஒப்புதலை லைசென்ஸ் வந்தபின் ஒரு முறை வாங்கினால் போதும், 90 நாள் கணக்கு கிடையாது.

மிச்சம் எல்லாம் அந்தப் பெண்ணிடம்: 3 மணிநேர இரவுப் பறப்பு, அதில் 100 நாட்டிகல் மைலுக்கு மேற்பட்ட ஒரு பயணம், இரவில் 10 தரையிறக்கம், 3 மணிநேரக் கருவிப் பயிற்சி, செக்ரைடுக்கு முந்தைய 2 மாதத்துக்குள் 3 மணிநேரத் தயாரிப்பு. கேள்வித்தாள் தேர்வுக்கான ஒப்புதலும் அவருடையதே. மருத்துவச் சான்றும் இங்கேதான் குறுக்கே வரும். ஸ்போர்ட்டுக்குக் கார் ஓட்டும் லைசென்ஸே போதும். ஆனால் எஃப்ஏஏ மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், கார் லைசென்ஸை வைத்து ஸ்போர்ட் ஓட்டும் வழியும் அடைபடும். உடம்பில் சந்தேகம் உள்ளவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே விமான மருத்துவர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

பிரைவேட் செக்ரைடில் தேர்வாளர் விமானத்தைவிட லாக்புக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று தோன்றியது. முதல் பாதி முழுக்க ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து, அதில் எது கணக்கில் வரும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரிவாக எழுதிய குறிப்புகளும், ஸ்போர்ட் லைசென்ஸும், கருவிப் பயிற்சியில் அந்தப் பெண்ணின் கையெழுத்தும் மேசைமேல் இருந்ததால் மேலே கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் ஸ்போர்ட் லைசென்ஸ் வாங்கியது மோசைக் என்ற புதிய எஃப்ஏஏ விதி நடைமுறைக்கு வந்த 2025 அக்டோபர் 22க்கு முன். அந்த விதியால் ஸ்போர்ட் பைலட் ஓட்டக்கூடிய விமானங்கள் பெருகியிருக்கின்றன. நான்கு இருக்கை விமானத்தைக்கூட ஒரே ஒரு பயணியோடு ஓட்டலாம், தனிப் பயிற்சியும் ஒப்புதலும் மருத்துவத் தகுதியும் இருந்தால் இரவிலும் பறக்கலாம். அதனால் இப்போது தொடங்குபவர்கள் என் கணக்கை அப்படியே எடுக்காமல், தொடங்கும் நேரத்தில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடியாகப் பிரைவேட்டுக்கே போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் சப்பார்ட் ஹெச் ஆள் கிடைத்தால் தாராளமாகப் போங்கள், அவரிடம் கற்ற மணிநேரத்துக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. எனக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை.