சிக்வெக்ஸ் படத்தில் இடம்பெறாத மேகங்கள்

நெடுந்தூரப் பன்னாட்டு விமானம் புறப்படுமுன் விமானிக்குத் தரப்படும் காகிதக் கட்டில் 'சிக்வெக்ஸ்' எனப்படும் வானிலை வரைபடம் தவறாமல் இருக்கும். 25,000 அடியிலிருந்து 63,000 அடி வரையிலான வானத்தில் விமானத்துக்கு இடர் தரக்கூடியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் காட்டும் படம் அது. லண்டன், வாஷிங்டன் என்ற பெயர்களைத் தாங்கிய இரண்டு மையங்களே உலகம் முழுவதற்கும் இதைத் தயாரிக்கின்றன. (பெயர்தான் அப்படி, ஒன்று எக்ஸிடரிலும் மற்றொன்று கான்சாஸ் சிட்டியிலும் இயங்குகின்றன.) 00, 06, 12, 18 யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என ஒவ்வொரு படமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு உரியது. 18 என்றால் நமக்கு இரவு 11.30. பத்து மணி நேரம் பறக்கும் விமானத்துக்கு ஒரு படம் போதாது.

தடித்த கோடும் அம்பும், உயரத்தில் ஆறுபோல் விரைந்தோடும் ஜெட் காற்று. 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வேகத்தைத் தொடுபவை மட்டுமே வரையப்படும். கோட்டின் மேலுள்ள கறுப்பு முக்கோணம் ஒவ்வொன்றும் 50 நாட், முழு இறகு 10 நாட். விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு சூழ்ந்த பகுதியில், மேகமே இல்லாமலும் விமானம் குலுங்கலாம்.

ஆனால், இந்தப் படத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது, அலையலையாக வளைந்த கோட்டுக்குள் அடைபட்ட 'சிபி' என்னும் இடிமேகப் பகுதிகளில்தான். அங்கே 450 என்ற எண்ணும் அதன் கீழே மூன்று எக்ஸ் எழுத்துகளும் இருந்தால், மேகத்தின் உச்சி 45,000 அடி, அடிப்பகுதி படத்தின் கீழ் எல்லைக்கும் கீழே என்று பொருள். 'ஓசிஎன்எல்' என்ற குறிப்பு, அப்பகுதியில் 50 முதல் 75 விழுக்காடு வரை இடிமேகம் பரவியிருக்கலாம் என்கிறது. சிபி என்று எழுதிவிட்டாலே கடும் குலுக்கலும் பனிப்படிவும் ஆலங்கட்டியும் அதில் அடக்கம். அவை தனியாகக் குறிக்கப்படுவதில்லை. தெளிந்த வானில் தனித்தனியாக நிற்கும் இடிமேகங்களும் படத்தில் வருவதில்லை. அவற்றை விமானி கண்ணாலேயே கண்டு விலகிவிட முடியும் என்பது கணக்கு. பிற மேகங்களுக்குள் புதைந்து நிற்பவையும், பரவலாகத் திரண்டு நிற்பவையும்தான் வரையப்படும். ஆகவே வெற்றிடமாகத் தெரியும் வங்கக்கடல், மேகமற்ற வங்கக்கடல் ஆகிவிடாது.

மேலும், இது 24 மணி நேர முன்கணிப்பு. ஒரு வட்டாரத்தைச் சொல்லுமே தவிர ஒரு மேகத்தைச் சொல்லாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற எஸ்க்யூ 321 விமானம், மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடி உயரத்தில் சிக்கிய குலுக்கலை எண்ணிப் பாருங்கள். 4.6 நொடிகளில் 178 அடி இறங்கிய அந்த நிகழ்வில் பலர் காயமுற, ஒருவர் உயிரிழந்தார். வளர்ந்துகொண்டிருந்த மேகத்திரளுக்கு மேலாக விமானம் பறந்திருக்கலாம் என்றது முதற்கட்ட விசாரணை அறிக்கை. நிமிடக்கணக்கில் மேலெழும் அத்தகைய மேகத்தை முந்தைய நாளே ஒரு படத்தில் வரைந்துவிட எவராலும் இயலாது.

அதனால் படத்தை எரிபொருள் கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன். பறக்கும் நேரத்து நிலவரத்துக்குச் செயற்கைக்கோள் படத்தையும், பொதுவாக நான்கு மணி நேரத்துக்குள் காலாவதியாகும் 'சிக்மெட்' எச்சரிக்கையையும் நாடுகிறேன். சென்னை வான்வெளிக்கான சிக்மெட்டைச் சென்னை விமான நிலைய வானிலை அலுவலகமே வெளியிடுகிறது. இவை மூன்றும் ஒத்துப்போகாத நாளில், சுற்றிப்போவதற்கான எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகவே கேட்பது என் வழக்கம்.