பிரதேச சபை வேலைக்குப் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு

முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும்போதெல்லாம் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: என்ன புத்தகம் படிக்க வேண்டும்? நான் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றின் வருமானப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆட்சேர்ப்புப் பரீட்சை, வேலையில் சேர்ந்த பிறகு தேற வேண்டிய தடைதாண்டல் பரீட்சை இரண்டையும் எழுதித்தான் இந்த மேசைக்கு வந்தேன். வரியும் கொடுப்பனவும் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், கணக்கையும் பதிவேட்டையும் கையால் ஒருமுறை செய்து பழகியவர்தான் கணினி முன்னால் தடுமாறாமல் உட்காருகிறார். அதனால் அதை எப்படிப் படிப்பது என்பதையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். மதிப்பீட்டு வரி, ஏக்கர் வரி, வியாபார உரிமக் கட்டணம், குப்பை, தெருவிளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. செயலகம் மத்திய அரசாங்கத்தின் நிர்வாகக் கை. அஸ்வெசும என்ற வறிய குடும்பங்களுக்கான நலன்புரிக் கொடுப்பனவு, முதியோர் கொடுப்பனவு போன்றவை அந்தப் பக்கம். இது தெரியாமல் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, தவறான கவுண்டரில் நின்று, ஒரு நாள் சம்பளத்தையும் இழந்து திரும்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சையிலும் இதைக் கேட்கிறார்கள். சபைகளின் பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 தேர்தலுக்கு முன் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும், நுவரெலியா பிரதேச சபை பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் வந்தன.

ஆட்சேர்ப்புப் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மொழித்திறனும் பொது உளச்சார்பும்தான் அதன் உயிர். கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். சுருக்கம் எழுதுவதையும் அலுவலகக் கடிதம் எழுதுவதையும் தினமும் பழகுங்கள். வகுப்புக்குக் காசு கட்டித்தான் தேற வேண்டும் என்றில்லை.

தடைதாண்டல் பரீட்சைதான் பலரை இழுத்தடிக்கிறது. நியமனம் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம், அதுதான் காரணம். அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவையை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் மாதிரி வாசிக்க வேண்டாம். 12ஆம் அத்தியாயம் லீவு, 47ஆம் அத்தியாயம் நடத்தை, 48 ஒழுக்காற்று நடவடிக்கை. இந்த மூன்றையும் உங்கள் ஆபீஸில் நடக்கும் விஷயங்களோடு பொருத்திப் படியுங்கள். வருடத்துக்கு 21 நாள் அமய லீவு, 24 நாள் ஓய்வு லீவு என்பதை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் சொந்த லீவுப் பத்திரத்தை நிரப்பும்போது அந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்தால் மறக்கவே மறக்காது. அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களைப் படிப்பவர்கள் 1988ஆம் ஆண்டின் பிரதேச சபை நிதி, நிர்வாக விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் வேலை செய்பவருக்கு அன்றாடம் கைகொடுப்பது அதுதான். பலர் அதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, இனி வரிக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 134ஆம் பிரிவை ஒரு பத்துத் தடவையாவது வாசியுங்கள். கட்டியெழுப்பப்பட்ட பகுதி என்று பிரகடனம் செய்த இடத்தில் வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கு ஆண்டுப் பெறுமதியின், அதாவது ஒரு வருட வாடகையாக மதிப்பிடும் தொகையின், அடிப்படையில் மதிப்பீட்டு வரி. அதற்கு வெளியே பயிர் செய்யும் காணிக்கு ஏக்கர் வரி. எங்கள் ஊர் ஆட்கள் வரிப்பணம் என்று சொல்வது முதலாவதை.

இப்போது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பஜாரில் ஒரு கடையின் ஆண்டுப் பெறுமதி 36,000 ரூபா, சபை தீர்மானித்த வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருட வரி 2,160. காலாண்டுக்கு 540. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு, ஆகவே 1,944. காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், ஆகவே 513. இவ்வளவு கணக்கையும் எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

இனி இதைப் பாருங்கள். அதே கடைக்காரருக்குப் போன வருட நிலுவை 800 ரூபா இருக்கிறது. ஜனவரி 20ஆம் திகதி 2,000 ரூபாவோடு வருகிறார். கழிவு போக 1,944 தானே என்று நினைத்து அந்தக் காசைக் கொண்டு வந்திருக்கிறார். ஆனால் கட்டும் காசு முதலில் பழைய நிலுவைக்குத்தான் போகும். 800 போனால் கையில் 1,200. வருடம் முழுவதற்கும் அது போதாது, 10 சதவீதக் கழிவு இல்லை. மென்பொருள் இதை ஒரு நொடியில் பிரித்துப் பற்றுச்சீட்டு அடித்துவிடும். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் “ஐயா, இன்னும் 744 ரூபா 31ஆம் திகதிக்குள் கொண்டு வந்தீங்கன்னா முழு வருஷக் கழிவும் கெடைக்கும், இப்ப நிலுவைய மட்டும் கட்டிட்டு மிச்சத்த சேத்து கொண்டு வாங்க” என்று திரை சொல்லாது. கவுண்டரில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு அந்த 744 அவர் மனதில் உடனே ஓட வேண்டும். இந்தக் கணக்கை வெவ்வேறு பெறுமதி, வெவ்வேறு திகதி வைத்து நாலைந்து விதமாகச் செய்து பாருங்கள். பரீட்சைக்கும் உதவும், கவுண்டரில் வரும் மனிதருக்கும் உதவும்.

முன்பு வருமானப் பிரிவில் ஜனவரி என்றால் தடித்த பதிவேடுகளைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாக நிலுவையை அடுத்த வருடத்துக்கு இறக்கி எழுதுவார்கள். இப்போது அது கணினியின் வேலை. அறிவித்தல்களும் அச்சாகி வந்துவிடுகின்றன. இது நல்ல மாற்றம், இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும் நேரத்தில்தான் மனிதர்கள் தொலைந்து போகிறார்கள். பதிவேட்டில் பெயர் சிங்களத்தில் கையெழுத்தில் இருக்கும். கணினியில் ஆங்கிலத்தில் ஏறும். அறிவித்தல் தமிழில் போக வேண்டும். ஒரே கடை இரண்டு பெயர் எழுத்துகளில் இரண்டு ஆதனமாக நிற்பதும், ஒன்றில் காசு கட்டியிருக்க மற்றதற்கு நிலுவை அறிவித்தல் போவதும் இப்படித்தான்.

ஒரு முறை ஒரு அம்மா அறிவித்தலை நீட்டி, “மிஸ், இது எங்க அப்பா பேருலதான் இன்னும் வருது, அவரு தவறி வருஷக்கணக்காச்சு” என்றார். காசு கட்ட அவர் தயார். பெயரை மாற்றக் காணி உறுதியின் பிரதியும் மரணச் சான்றிதழும் தேவை என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கணினி வந்ததால் இறந்தவர் பெயர் தானாக அழியாது. உரிமையாளர் பெயர் மாற்றம், உபபிரிவு, புதுக் கட்டடம், இடித்த கட்டடம் ஆகிய நாலுக்கும் என்ன ஆவணம், எந்தப் படிவம், யார் கையொப்பம் என்று எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.

தட்டச்சு பற்றியும் ஒரு வார்த்தை. பாமினியில் வேகமாக அடிக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். அந்த எழுத்துருவில் அடித்த பெயரைத் தரவுத்தளத்தில் போட்டால் தேடவும் முடியாது, வேறு கணினியில் வாசிக்கவும் முடியாது. யுனிகோடில் அடிக்க இன்றே பழகுங்கள். தட்டச்சோடு விரிதாளும் பழகினால் போதும். வடிகட்டுதல், ஒரே பெயர் இரண்டு முறை வந்திருந்தால் கண்டுபிடித்தல், கூட்டுத்தொகை சரிபார்த்தல். இவை தெரிந்தவரை எந்தப் பிரிவும் விடாது.

செயலகப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அஸ்வெசுமவை வேரிலிருந்து படியுங்கள். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம்தான் அடிப்படை. கொடுப்பனவு தொடங்கியது 2023ல். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 அளவுகோல்கள். அவற்றுக்குப் புள்ளி போட்டுக் குடும்பங்களை நாலு வகையாகப் பிரிப்பது கணினி. தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என்றிருந்தது. 2025 ஜனவரியிலிருந்து வறியோருக்கு 10,000, மிக வறியோருக்கு 17,500 ஆனது. காசு வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இங்கேதான் நம் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை பெரிதாக இருக்கிறது. லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு காம்பராவுக்குள் (அறைக்குள்) அப்பா அம்மா ஒரு அடுப்பு, கல்யாணம் கட்டிய மகன் ஒரு அடுப்பு. கணினிக்கு இது ஒரு குடும்பமா, இரண்டா? மின்மானி ஒன்றுதான் இருக்கும். முகவரியோ தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும். கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வர வேண்டும். ஆட்சேபனைக்கும் மேன்முறையீட்டுக்கும் கொடுத்த திகதி அதற்குள் முடிந்துவிடும். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றால் கொடுப்பனவு நின்றுபோகும். தகவல் எடுக்கப் போகும் உத்தியோகத்தர் இதைத் தெரிந்தவராக இருந்தால், அடுப்பு எத்தனை, சம்பளம் யார் கைக்கு வருகிறது, பெயர் எந்த ஆவணத்தில் எப்படி என்று வாசலிலேயே நின்று கேட்டுத் தெளிவாகப் பதிவார். படிவத்தில் விழுந்த தகவலைத்தான் கணினி எடைபோடும். லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்தக் கேள்விகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வேலைகளுக்கு நம்மவர்கள் வர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சட்டத்திலும் இந்தக் கதை இருக்கிறது. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்யத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைச் சபை திருத்த முடியவில்லை. 2018ல்தான் திருத்தம் வந்தது. பரீட்சையில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

சிங்களத்துக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். அச்சுச் சிங்களம் வாசிக்கத் தெரிந்தாலும் பழைய பதிவேட்டின் கையெழுத்து வேறு உலகம். மூத்த உத்தியோகத்தர் ஒருவரோடு உட்கார்ந்து, பெயர்களையும் ஊர்களையும் சத்தமாக வாசித்துப் பழகுவதுதான் வழி. அவர்களும் ஆசையாகச் சொல்லித்தருவார்கள். அதே நேரம் நுவரெலியா, அம்பகமுவ பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் அறிவித்தல் கேட்பது மக்களின் உரிமை. அதைத் தமிழில் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது உங்கள் கடமை.

கடைசியாக இணையக் கட்டணம். 2025 பெப்ரவரி 7ஆம் திகதி கவ்பே தொடங்கியது. அரச நிறுவனங்களுக்கான கொடுப்பனவுகளைக் கைபேசியிலேயே செலுத்தும் வழி அது. இப்படி வரும் காசில் ஆதன இலக்கத்தைப் பிழையாகப் போட்டால், காசு சபைக் கணக்கில் இருக்கும், வரி கட்டாதவர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கும். அதனால் பின்னேரம் சிறாப்பரின் (காசாளரின்) கையிலுள்ள பணம், வங்கிக்கு வந்த காசு, மென்பொருளின் நாள் கூட்டுத்தொகை மூன்றையும் ஒப்பிட்டு, பொருந்தாத ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. கவுண்டரில் உட்காருபவர் எண்ணிக்கை குறையலாம், இந்த ஒப்பீட்டு வேலையும் வெளிக்கள வேலையும் கூடத்தான் செய்யும். படிக்கும்போது, நம் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கி இணக்கக் கூற்றுக் கணக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள். வர்த்தகப் பிரிவில் படிக்காதவர்கள் உயர்தரக் கணக்கீட்டுப் புத்தகத்தில் அந்த ஒரு அத்தியாயத்தை இரவல் வாங்கியாவது செய்துவிடுங்கள்.