இடிக்காமல் உயர்ந்த கோபுரம்

சிட்னியின் குவே குவார்ட்டர் டவரைப் புதிய கட்டடம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். 1976இல் ஏஎம்பி சென்டர் என்ற பெயரில் கட்டி முடிக்கப்பட்ட அலுவலகக் கோபுரத்தின் தூண்கள், உத்தரங்கள், தளங்கள் ஆகியவற்றில் ஏறத்தாழ 65 விழுக்காடும், லிஃப்டுகள் ஓடும் நடுக்கூட்டின் சுவர்களில் 95 விழுக்காடும் அப்படியே நிற்க, ஒரு பக்கம் மட்டும் வெட்டி அகற்றப்பட்டு, அங்கே அகலமான புதிய தளங்கள் இணைக்கப்பட்டு, உயரமும் கூட்டப்பட்டது. 2022இல் உலகக் கட்டடக்கலை விழா அதை ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது.

மேலே மாடி எழுப்பும்போது கூடுதல் எடையை அடித்தளம் தாங்குமா என்பதே முதலில் எழும் கேள்வி. கனமான பழைய முகப்பையும் செங்கல் தடுப்புகளையும் அகற்றி, மேல்மாடிகளை எஃகுச் சட்டத்தில் அமைத்தால், எடையை ஓரளவு ஈடுகட்டிவிடலாம். காற்று அப்படி இணங்குவதில்லை. அகலம் மாறாமல் உயரம் பத்து விழுக்காடு கூடினால், கட்டடத்தின் அடியில் காற்று உண்டாக்கும் வளைப்பு விசை இருபது விழுக்காட்டுக்கும் மேல் கூடும். அதை எதிர்கொள்ள வேண்டியது அந்தப் பழைய நடுக்கூடுதான்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகளாகச் சுமை தாங்கிய கான்கிரீட், சுருங்க வேண்டிய அளவு பெரும்பாலும் சுருங்கி முடித்திருக்கும். புதிதாக வார்த்ததோ இனிமேல்தான் சுருங்கத் தொடங்கும். இரண்டையும் உடனே இறுகப் பிணைத்தால் இணைப்பில் விரிசல் விழும், தளமும் சாயும். எனவே சில இணைப்புகளைத் தாமதமாக மூடுவதும், உணர்கருவிகளைப் பொருத்தி அசைவை இடைவிடாமல் அளப்பதும் தவிர்க்க முடியாதவை. லிஃப்ட் இயந்திர அறையை மேலே மாற்றுவதும், நீரேற்றும் பம்புகளைப் புதுப்பிப்பதும் வழக்கமான வேலைகளே.

பழைய கட்டமைப்பைக் காப்பது, ஒருமுறை எரிபொருளை எரித்து உருவாக்கிய சிமெண்டையும் எஃகையும் மீண்டும் உருவாக்காமல் இருப்பதாகும். ஆகவே இடிப்பதற்கு ஒப்புதல் கேட்கும் உரிமையாளர், முதலில் தூண்களிலிருந்து கான்கிரீட் மாதிரி எடுத்துச் சோதித்த அறிக்கையைக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூல வரைபடங்கள் தொலைந்துபோன கட்டடங்களில் கம்பிகளின் இடத்தையும் தடிமனையும் ஸ்கேனரால் தேட வேண்டியிருக்கும், ஐயமுள்ள இடங்களில் உடைத்தும் பார்க்க வேண்டியிருக்கும். இடிக்கும் முடிவு பல நேரங்களில் இந்தச் செலவுக்கு அஞ்சியே எடுக்கப்படுகிறது.