பதில் சொல்லாத நிறுவனங்கள்

2025 ஜூன் 3, செவ்வாய்

கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் இறுதிச் சுற்று நேர்முகத் தேர்வை நேற்று முடித்துக்கொண்டு இன்று காலை வீடு வந்து சேர்ந்தேன். முந்தைய சுற்றுகள் அனைத்தும் இணையவழியில் நடந்திருந்தும், இதற்கு நேரில் வரவேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணித்து, வெள்ளவத்தையில் மாமி வீட்டில் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு போனேன். கொழும்பில் தங்குவதற்கு யார் இருக்கிறார்கள், திருமணத்துக்குப் பிறகும் வேலையைத் தொடர்வீர்களா என்பவையே அங்கே முக்கியமான கேள்விகளாக இருந்தன. மென்பொருள் சோதனையாளர் பதவிக்கு வந்த ஓர் ஆணிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். பயணச் செலவைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

"பதில் ஏதும் வந்ததே பிள்ளை?" என்று அம்மா இன்றும் கேட்டார். வரவில்லை.

என்னை அதிகம் வருத்துவது, நேர்முகத்துக்கு முன் அந்த நிறுவனம் தந்த அசைன்மென்ட்தான். வேலையைச் செய்துகாட்டச் சொல்லித் தெரிவுசெய்வது நல்ல முறை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் தந்தது, வாடிக்கையாளர்கள் இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் அவர்களது சொந்த முன்பதிவுச் செயலி. வார இறுதி முழுவதையும் செலவிட்டு அதிலிருந்த வழுக்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் எப்படித் தோன்றுகிறது என்பதைத் திரைப்பிடிப்புகளுடன் (ஸ்கிரீன்ஷொட்) எழுதி அனுப்பினேன். நேரில் போனபோது அந்த அறிக்கையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஊதியமின்றிப் பெற்ற உழைப்புக்கு, வாசித்தோம் என்ற ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

மனம் ஆறாமல் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். உளவியலாளர் பால் சாக்கெட் முதலானோர் 2022 இல் வெளியிட்ட மீளாய்வின்படி, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் புள்ளியிடும் நேர்முகத்துக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையிலான தொடர்பு 0.42 (1 என்றால் முழுத் தொடர்பு), வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு அது 0.19 மட்டுமே. ஆகவே, என்னை அழைத்துப் பேசிய விதம் எனக்கு மட்டுமல்ல, அந்த நிறுவனத்துக்கும் நட்டமே.

ஜூன் 20, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் அப்பா வழமைபோல, அரச வேலை அறிவித்தல்கள் வெளிவரும் அரசிதழான வர்த்தமானியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அரச வேலையையே விரும்புகிறார்கள் என்று கொழும்பில் குறைசொல்வோர் அந்த அறிவித்தல்களை ஒருமுறை வாசிக்க வேண்டும். தகைமை, வயதெல்லை, சம்பள அளவுத்திட்டம், தெரிவுமுறை எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. பெற்ற புள்ளிகளைக் கேட்டு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். தனியார் நிறுவனத்திடம் அப்படிக் கேட்க எனக்கு வழியில்லை.

அரச வழி எளிதானது என்று நான் சொல்லவில்லை. பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் காத்திருந்த என் ஒன்றுவிட்ட அக்காவுக்கு, 2020 இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பட்டதாரிப் பயிலுநர்களைச் சேர்த்தபோதுதான் வாய்ப்புக் கிடைத்தது. ஆனாலும், தான் எந்த நிபந்தனையில் சேர்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 4, வெள்ளி

கொழும்பு நிறுவனம் அதே பதவிக்கு மீண்டும் விளம்பரம் செய்திருக்கிறது. என் விண்ணப்பத்தின் முடிவு என்ன, அறிக்கையை யார் மதிப்பிட்டார்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

பிற்பகலில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள சிறிய நிறுவனம் ஒன்றிலிருந்து அழைத்தார்கள். யார் நேர்முகம் செய்வார்கள், எதை மதிப்பிடுவார்கள், முடிவு எப்போது தெரியும் என்று நானே முதலில் கேட்டேன். பேசிய அக்கா தயங்காமல், இருவர் இருப்பார்கள், ஒரு மணிநேரம் அங்கேயே ஒரு பரிசோதனை செய்யவேண்டும், தெரிவானாலும் ஆகாவிட்டாலும் அடுத்த வெள்ளிக்குள் தெரிவிப்போம் என்றார். புதன்கிழமை போகிறேன்.