லேப்பிலிருந்து வந்த போன்

டெஸ்ட் டியூப் குழந்தைக்காக எடுத்த சிகிச்சை முதல் முறை தோற்றபோது யாரும் எங்களுக்குக் காரணம் சொல்லவில்லை. எட்டு முட்டை எடுத்தார்கள், ஒன்றுதான் கருவானது, மூன்றாம் நாள் கருப்பையில் வைத்தார்கள், நிற்கவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பஸ்ஸில் வேலந்தாவளம் செக்போஸ்ட் வரும்வரை நானும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மீதி ஏழு ஏன் கருவாகவில்லை? இந்தக் கேள்வியோடுதான் கோயம்புத்தூரில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, லேப்பில் கருவை உருவாக்கி வளர்க்கிற எம்ப்ரியாலஜிஸ்ட்டைக் கூப்பிட்டார். அப்படி ஒருவர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஊசியும் ஸ்கேனும்தான் வைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் தாளில் படம் போட்டுக் காட்டினார். முதல் முறை முட்டையையும் விந்தணுவையும் ஒரே தட்டில் விட்டு, தானாகச் சேரட்டும் என்று ராத்திரி முழுக்க வைத்திருக்கிறார்கள். இந்த முறை இக்ஸி. முட்டையைச் சுற்றியுள்ள செல்களை நீக்கி, முதிர்ந்ததா என்று பார்த்து, ஒரே ஒரு விந்தணுவை வாலில் அழுத்தி அசையாமல் செய்து, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். “எல்லாருக்கும் இது வேண்டியதில்லைங்க. போன தடவை கருவாகாததாலதான் உங்களுக்குச் சொல்றேன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முட்டை எடுக்கும் நாள் காலையில் அத்தை என் தலையில் மல்லிகை வைத்து அனுப்பினார். வாசலிலேயே நர்ஸ், “பூவை எடுத்துருங்கம்மா, சென்ட், பவுடர் எதுவும் ஆகாது” என்றார். காற்றில் கலக்கும் வாசனைப் பொருள்கூடக் கருவைப் பாதிக்கலாமாம்; அதனால்தான் லேப் காற்றை வடிகட்டுகிறார்கள். அத்தை சரத்தைக் கைக்குட்டையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார்.

பதினான்கு முட்டை. முதிர்ந்தது பதினொன்று. மறுநாள் போன் வந்தது: எட்டு கருவாகியிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

அப்புறம் காத்திருப்பு. உடம்பின் சூடான 37 டிகிரியில், ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்த இன்குபேட்டரில் அவை வளர்ந்தன. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கருக்குழாயில் அவ்வளவு கிடையாது, அதனால் இந்த ஏற்பாடு. மூன்றாம் நாளே வைத்துவிடச் சொல்லிக் கேட்டேன். ஐந்தாம் நாள்வரை விட்டால் எதற்குத் தெம்பு இருக்கிறதென்று தெரியும் என்றார்கள். எட்டில் மூன்றுதான் பிளாஸ்டோசிஸ்ட், அதாவது ஐந்தாம் நாள் கரு எட்ட வேண்டிய வளர்ச்சி நிலை, ஆனது. ஐந்து போய்விட்டதே என்று அழுதேன். இது வழக்கமான கணக்குதான் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

என் வயிறு உப்பியிருந்ததால் உடனே வைக்காமல் மூன்றையும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்தார்கள். பனித்துகள் உருவாகாதபடி நொடியில் உறைய வைக்கிற முறை அது. இரண்டு மாதம் கழித்து ஒன்றை எடுத்தார்கள். வைப்பதற்கு முன் என் பெயரையும் அவர் பெயரையும் என் வாயால் சொல்லச் சொல்லி, இரண்டு பேர் தட்டில் இருந்த பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திரையில் அது தெரிந்தது. சுருங்கிக் கிடந்தது மெல்ல விரிந்து, ஓரத்தில் செல்கள் மணிமணியாக.

மகளுக்கு இப்போது பதினொரு மாதம். மீதி இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. சட்டப்படி பத்து வருடம்வரை வைக்கலாம். போன வாரம்தான் இந்த வருடப் பணம் கட்டிவிட்டு வந்தோம்.