பஸ்ஸில் ஓர் அரைமண்டி

ஹட்டனில் மகளுடைய பரத வகுப்பு முடிந்து தலவாக்கலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் ஒரே ஒரு சீட்தான் கிடைத்தது. மடியில் உட்காரச் சொன்னால் மகளுக்கு ரோஷம் வந்துவிடும். சரி, நில்லு என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு டீச்சர் முதுகெலும்புப் பாடம் எடுத்திருந்தார். கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, ஆக அசையக்கூடிய எலும்புகள் 24. பாதி உட்கார்ந்தபடி நிற்கும் அரைமண்டியில் முழங்கால் இரண்டு பக்கமும் விரியும்போது இடுப்பு பின்னால் தள்ளிக்கொண்டால் முதுகு குழிந்துவிடும். அப்புறம் கை எவ்வளவு அழகாக நீண்டாலும் வாத்து நடைதான். “கண்ணாடியில தேடாதே, உடம்புக்குள்ள தேடு” என்றாராம்.

மகள் தேடத் தொடங்கிய இடம், கொட்டகலை தாண்டிய வளைவு. கம்பியை விட்டாள், குதிகாலைச் சேர்த்தாள், நடைபாதையிலேயே அரைமண்டி! அடுத்த நொடி பக்கத்து சீட் ஐயாவின் லீக்ஸ் கட்டு மேல் கிடந்தாள்.

கண்டக்டர் வந்தார். “தங்கச்சி, உட்காருறதுன்னா உட்காரு, நிக்கிறதுன்னா நில்லு. பாதி உட்கார்ந்தா நான் எந்த டிக்கட் குடுக்கிறது?”

முன் சீட்டில் இருந்த பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முதுகில் கூடையோடு தேயிலைக் கொழுந்து எடுத்துக் காய்ந்த கை. கேட்காமலே என் தோள்பையை வாங்கி, அதன் வாரை மகளின் உச்சந்தலையில் மாட்டி, பையை முதுகில் தொங்கவிட்டார். குடை, சோற்றுப்பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் உள்ளே.

“கூடைக் கயிறுன்னு நெனச்சுக்க புள்ள. நாடிய உள்ள இழு. தலையால கயித்த மேல தள்ளு. முழங்கால இறுக்காத.”

மகள் தள்ளினாள். கழுத்து நீண்டது, இடுப்பு தானாக உள்ளே வந்தது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கால் தசையும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். டெவன் வளைவில் அதைக் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது, இவள் சாயவில்லை. லீக்ஸ் ஐயா மட்டும் முன்னெச்சரிக்கையாகக் கட்டை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

பாட்டி அதோடு விடவில்லை. “அந்தத் தம்பியையும் பாரு. ரெண்டு கையிலயும் காசு, ஒண்ணையும் புடிக்கல. காலெல்லாம் சரிதான், முதுகுதான் கேள்விக்குறி.”

கண்டக்டர் சட்டென்று நிமிர்ந்தார். மேல் கம்பி அவர் தலையில் டங்கென்று இடித்தது.

தலவாக்கலையில் இறங்கியும் மகள் பையைத் தரவில்லை. கடைத்தெரு முழுக்க நிமிர்ந்த நடை. பாண் வாங்கக் காசு எடுக்க நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.